பிறந்த அன்றே மூடியிருக்க வேண்டியது

தன் நெஞ்சுக்குள் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருப்பது ஜெபஷீலாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே தெரியும். இடது பக்கமாகச் சரிந்து, தலையணையில் காதை அழுத்திப் படுத்தால் கேட்கும். துடிப்பு வேறு, அது வேறு. துடிப்பு விட்டு விட்டு வரும். இது விடாமல், எங்கோ இரண்டு தெரு தள்ளி மாவு மில் ஓடுவதுபோல, ஏறியும் இறங்கியும் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். ஒருநாள் தம்பி செல்வினைப் பிடித்து உட்காரவைத்து அவன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். லப்டப் என்று அடித்துக்கொண்டதே தவிர வேறொன்றும் இல்லை.

"ஒனக்கு ஓடலையேடா" என்றாள்.

செல்வினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

அவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதனைக்கு வந்த டாக்டர், எல்லாப் பிள்ளைகளையும் ஒரு நொடியில் தள்ளிவிட்டுக்கொண்டு வந்தவர், இவள் நெஞ்சில் குழலை வைத்ததும் நின்றார். எடுத்து எடுத்து வைத்துக் கேட்டார். அப்பாவை வரச் சொன்னார். அப்பாவுக்குத் தேனி பஜாரில் தையல் சாமான் கடை. நூல், ஊக்கு, பட்டன், லைனிங் துணி. கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு மகளை மதுரைக்குக் கூட்டிப் போனார்.

அங்கே சொன்னதில் அப்பாவுக்குப் புரிந்தது இரண்டு விஷயங்கள்தான். நெஞ்சில் என்னவோ மூடாமல் இருக்கிறது. அதை மூட வேண்டுமானால் விலாவைக் கிழித்துத் திறக்க வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினார்கள். வராந்தாவில் உட்கார்ந்து அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஆள் வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியாகப் போனார். பின்னாலேயே ஒரு பெண் குட்டிச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். அப்பா எழுந்தார். மகளின் கையைப் பிடித்தார். அன்று சாயங்கால பஸ்ஸிலேயே தேனிக்குத் திரும்பிவிட்டார்.

"இருக்கற வரைக்கும் எங்கூடவே இருக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். ஜெபஷீலா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவளுக்கென்று வீட்டில் தனிச் சட்டம். ஓடாதே. தூக்காதே. மாடி ஏறாதே. எல்லாவற்றையும்விட, அழாதே, அழுதால் நெஞ்சுக்கு ஆகாது. மற்றதெல்லாம் மறந்தாலும் அது அவளுக்கு நன்றாகப் பழகிவிட்டது. சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைச் சுருளி அருவிக்குக் கூட்டிப் போனால், எல்லோரும் மேலே குளிக்கப் போயிருக்க, இவள் கீழே செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலாக உட்கார்ந்திருப்பாள். பாடல் குழுவில் சேர்ந்தாள். நீண்ட அடிகளில் மூச்சு பாதியிலேயே தீர்ந்துபோனது. அவளாகவே விலகிக்கொண்டாள். அல்லிநகரத்தில் அவர்கள் தெருவில் அவளை அடையாளம் சொல்வதானால், "அந்த நெஞ்சுல ஓட்டை இருக்கற பிள்ள" என்றுதான் சொல்வார்கள்.

ஒரே ஒரு சம்பந்தம் வந்தது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். வந்து பார்த்து, கேசரி சாப்பிட்டு, சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு யார் மூலமாகவோ செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. பெண்ணுக்குப் பிரசவம் தாங்காதாமே என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். அப்பாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவரும் அப்படித்தான் நம்பினார். ஜெபஷீலாவும் நம்பினாள். அதனால் அவளுக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அந்தப் பேச்சு வீட்டில் அத்தோடு நின்றது.

அப்பா முதலில் போனார். சில வருஷங்களில் அம்மாவும் போனார். செல்வின் கல்யாணம் முடித்து மஸ்கட்டில் வேலைக்குச் சேர்ந்தான். போகும்போது அவளை விட்டுப் போகச் சங்கடப்பட்டான். "எனக்கென்னடா, கடை இருக்கு" என்று அனுப்பிவைத்தாள். கடை இருந்தது. காலையிலிருந்து பிளவுஸ் தைப்பவர்களும் டெய்லர்களும் வந்து போவார்கள். இந்தப் பச்சைக்கு எந்த நூல் சேரும், இந்தப் பட்டுக்கு எந்த லைனிங் என்று அவளிடம்தான் கேட்பார்கள். கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் கடையைத் திறக்கும்வரை அவள் குரல் அவளுக்குத் தேவைப்படாது. பால் பாக்கெட் சின்னதாகிவிட்டது. இட்லிக்கு ஒரு தடவை அரைத்தால் வாரம் முழுக்கப் புளித்துக்கொண்டு கிடந்தது. படுத்தால், அந்த மில் ஓடுகிற சத்தம் மட்டும் கூடவே இருந்தது.

நாற்பதைத் தாண்டியதும் மூச்சு இன்னும் குறைந்தது. மேல் தட்டிலிருந்து ஒரு துணிச் சுருளை இறக்கினால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பிளவுஸ் தைக்கிற ஜோதிலட்சுமி வாராவாரம் லைனிங் வாங்க வருபவள், வெடுக்கென்று பேசுபவள். ஒருநாள் அவள் எதிரிலேயே இவள் அப்படி நின்றாள்.

"என்ன ஷீலா, இந்த இழுப்பு இழுக்குது?"

"எனக்குச் சின்னதுலருந்தே இருக்குக்கா."

"சின்னதுல இருந்தது பெருசாயிருச்சுன்னு வையி. யாரையாச்சும் போய்க் காமி. இங்கன விழுந்து கெடந்தீன்னா எனக்கு லைனிங் யாரு குடுப்பா?"

சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி ஜெபஷீலாவின் மனசில் தங்கிவிட்டது. அடுத்த வாரம் கடையை அடைத்துவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினாள்.

பெரிய ஆஸ்பத்திரி. இதய ஸ்கேன் எடுத்த டாக்டர் சூரியபிரகாஷ் அவளைவிடப் பத்து வயதாவது இளையவர். நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, திரையைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பினார். கறுப்பில் சிவப்பும் நீலமும் வந்து வந்து மறைந்தன. ஒரு மூலையில் மட்டும் மஞ்சளும் பச்சையுமாகக் கலங்கிய ஒரு பீச்சல் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

"இதுதாம்மா. இத்தனை வருஷம் யாரும் மூடலையா?"

"ஓட்டைன்னு சொன்னாக டாக்டர்."

"ஓட்டை இல்லம்மா. இது ஒரு சின்னக் குழாய். எல்லாருக்குமே இருந்ததுதான். எனக்கும் இருந்திருக்கும்."

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளை மூச்சு விடுவதில்லை. அதன் நுரையீரல் தண்ணீர் நிறைந்து, சுருங்கிக் கிடக்கும். அதற்கு வேண்டிய பிராணவாயு அம்மாவின் ரத்தத்திலிருந்து தொப்புள்கொடி வழியாக வந்துவிடும். அதனால் ரத்தம் நுரையீரலுக்குள் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை. நுரையீரலுக்குப் போகும் பெரிய நாளத்தையும் உடம்புக்குப் போகும் பெரிய நாளத்தையும் இந்தக் குழாய் இணைத்திருக்கும். ரத்தம் அதன் வழியாக நுரையீரலைத் தாண்டி உடம்புக்குப் போய்விடும். பிள்ளை வெளியே வந்து முதல் மூச்சை இழுத்து அழுததும் எல்லாம் மாறுகிறது. காற்று உள்ளே போகிறது, தண்ணீர் வற்றுகிறது, நுரையீரலின் நாளங்கள் விரிகின்றன, ரத்தம் அங்கே பாய்கிறது. கொடியையும் அறுத்துவிடுகிறார்கள். இனி இந்தக் குழாய்க்கு வேலையில்லை. ரத்தத்தில் பிராணவாயு ஏறுவதை உணர்ந்து அது தானாகச் சுருங்க ஆரம்பிக்கும். ஓரிரண்டு நாளில் மூடிக்கொண்டு, கொஞ்ச வாரத்தில் வெறும் நாராகிவிடும்.

"ஒங்களுக்கு அது மூடல. பிறந்தப்புறம் உடம்புப் பக்கம்தான் அழுத்தம் ஜாஸ்தி. அதனால ரத்தம் தலைகீழா, உடம்புக்குப் போக வேண்டியது நுரையீரலுக்குத் திரும்பி ஓடுது. இதயம் அனுப்புனதையே திரும்பத் திரும்ப அனுப்புது. அதான் மூச்சு வாங்குது."

"சத்தம் கேக்கும் டாக்டர்."

"கேக்கும். ராத்திரி பகல் நிக்காம ஓடுதுல்ல. நல்லவேளை, நுரையீரல் இன்னும் கெட்டுப் போகல. இப்பக்கூட மூடிறலாம். நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்ல, தொடை நரம்பு வழியாப் போய் கம்பிவலைல செஞ்ச ஒரு அடைப்பான வச்சிறலாம். ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்."

ஜெபஷீலா பசையைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்தாள். கேட்பதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள்.

"நான் கல்யாணம் பண்ணியிருக்கலாமா டாக்டர்?"

அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தார். "பண்ணியிருக்கலாம்மா" என்றார் மெதுவாக. "மூடிட்டுப் பண்ணியிருக்கலாம். பிள்ளையும் பெத்திருக்கலாம்."

தேனி வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறும்போதுதான் கண்ணில் நீர் வந்தது. அழாதே என்று சொல்ல யாரும் இல்லை. நெஞ்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர ஒரு நிபந்தனை: கூட ஒருவர் இருக்க வேண்டும். செல்வினுக்கு அந்த மாதம் லீவு கிடைக்கவில்லை. "அடுத்த மாசம் வாரேங்க்கா, தள்ளி வையி" என்றான். தள்ளி வைத்தால் மறுபடி பயம் வந்துவிடும் என்று அவளுக்குப் பட்டது. சபையின் பாஸ்டரம்மா ஜான்சி கூட வந்து கையெழுத்துப் போட்டார். தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். மத்தியானம் அவர் வீட்டில் கல்யாண வேலை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கிளம்பினார்.

இந்தக் குழாயை மூடுகிற டாக்டர் பிள்ளைகளின் இதய டாக்டர். அதனால் ஜெபஷீலாவுக்கும் பிள்ளைகள் வார்டில்தான் இடம் கிடைத்தது. சுவரெல்லாம் வாத்தும் முயலும் வரைந்திருந்தார்கள். கட்டிலுக்குக் கம்பித் தடுப்பு. சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது, நர்ஸ் ஃபைலைப் பார்த்துப் பழக்க தோஷத்தில் கூப்பிட்டாள்.

"பேபி ஜெபஷீலா! பேபி ஜெபஷீலா அம்மா யாரு?"

"நாந்தான் ஜெபஷீலா" என்றாள் இவள். நர்ஸ் ஃபைலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயது இருக்கும், மெலிந்த ஆண்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் கயல். மேகமலையில் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். புருஷன் அதே எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை; பிள்ளைகளோடு தாய்மார் மட்டும் தங்கும் வார்டு என்பதால் அவனைக் கீழே வராந்தாவில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"ஒங்க பிள்ளய ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருக்காகளா அக்கா?" என்று கேட்டாள் கயல்.

"எனக்குப் பிள்ள இல்லம்மா. எனக்குத்தேன்."

கயலுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் கட்டிலை விட்டு இறங்கி இவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதே குழாயா? ஒங்களுக்கா? இம்புட்டு நாளும் இதோடயா இருந்தீக?"

"இருந்தேன்."

"அப்ப எம் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" கயலின் கண் சட்டென்று நிறைந்தது. "மலைல எல்லாரும் பொழைக்காதுங்காகக்கா. சளி சளியாப் புடிக்குது, எடை ஏறவே மாட்டேங்குது. பால் குடிச்சா வேர்த்துக் கொட்டுது. நான் கர்ப்பத்துல பாரம் தூக்குனேன், அதுனாலதேன்னு மாமியா சொல்றாக."

"நீ தூக்குனதுக்கும் இதுக்கும் ஒண்ணும் கெடையாது. எங்கம்மா ஒண்ணுமே தூக்கினதில்ல" என்றாள் ஜெபஷீலா. டாக்டர் சொன்னதையெல்லாம் தனக்குத் தெரிந்த மட்டும் எடுத்துச் சொன்னாள். கயல் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

பிள்ளைக்கு இனியன் என்று பெயர். ஒரு வயது நெருங்குகிறது. பார்த்தால் ஆறு மாதம் என்றுதான் சொல்வார்கள். "இவன் நெஞ்சுல காத வச்சா மெஷின் ஓடற மாதிரி இருக்கும்க்கா. எனக்குப் பயந்து வரும்" என்றாள் கயல்.

ஜெபஷீலா கொஞ்சம் யோசித்தாள். "நான் கேக்கட்டுமா?"

கயல் பிள்ளையைத் தூக்கி நீட்டினாள். ஜெபஷீலா குனிந்து, இடது தோள் எலும்புக்குக் கீழே காதை வைத்தாள். எலும்பும் தோலுமான சின்ன நெஞ்சு. அதற்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, விடாமல். அவளுடையதைவிட வேகமாக, ஆனால் அதேதான். அம்மாவிடம், அப்பாவிடம், செல்வினிடம், உலகத்தில் யாரிடமும் இல்லாதது இந்தப் பிள்ளையிடம் இருந்தது. அவள் காதை எடுக்காமல் அப்படியே இருந்தாள். இனியன் அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தான்.

மறுநாள் காலையில் முதலில் இவளைக் கொண்டுபோனார்கள். குளிரான அறை. மயக்கம் கொடுக்கவில்லை, தொடையில் மட்டும் மரக்க வைத்தார்கள். மருந்து உள்ளே போனபோது உடம்பெல்லாம் வெந்நீர் ஓடியது போலிருந்தது. தலைக்கு மேலே பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிறகு யாரோ, "வச்சாச்சும்மா, நல்லா உக்காந்திருச்சு" என்றார்கள். அவ்வளவுதான்.

வார்டில் கொண்டுவந்து போட்டு, காலை அசைக்கக் கூடாது என்றார்கள். அவள் கையைத் தூக்கி இடது தோள் எலும்புக்குக் கீழே வைத்தாள். உள்ளங்கையில் எப்போதும் பூனை உறுமுவதுபோல ஒரு அதிர்வு தெரியும். இப்போது இல்லை. கையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள், மேலே நகர்த்தினாள். இல்லை.

"ஜெபஷீலா அட்டெண்டர் யாரு? தண்ணி குடுக்கணும்" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

யாரும் வரவில்லை. ஜெபஷீலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாந்தேன்" என்று குரல் வந்தது. அடுத்ததாகப் பிள்ளையைச் சிகிச்சைக்குக் கொடுத்துவிட்டு வார்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்ற கயல், அழுத முகத்தோடு டம்ளரை வாங்கிக்கொண்டு வந்தாள். தலையைத் தாங்கிப் பிடித்து ஸ்பூனால் கொடுத்தாள்.

இனியன் மயக்கத்தில்தான் திரும்பி வந்தான். நர்ஸ் நகர்ந்ததும் கயல் அவன் நெஞ்சில் காதை வைத்தாள். உடனே வெளுத்துப்போய் நிமிர்ந்தாள்.

"அக்கா! சத்தத்தக் காணாம்!"

"எனக்குங் காணாம்" என்றாள் ஜெபஷீலா, படுத்தபடியே. "காணாமப் போனாத்தேன் சரி. நல்லாக் கேளு, லப்டப்புன்னு இருக்கா?"

கயல் மறுபடி காதை வைத்தாள். கேட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, கட்டில் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜெபஷீலாவுக்குச் சிரமம் தொடங்கியது. மூச்சு நன்றாக இருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைவரை நிற்காமல் நடந்தாள். ஆனால் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து சற்றே சரிந்து படுத்தால், தலையணையில் ஒன்றுமில்லை. துடிப்பு விட்டு விட்டு வந்தது. நடுவே வெறும் இடம். யாரோ பக்கத்தில் இருந்து எழுந்து போய்விட்ட மாதிரி விழித்துக்கொள்வாள். இதை யாரிடம் சொல்வது? உடம்பு சரியாகிவிட்டது என்று சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இன்னொன்றும் இருந்தது. இதுவரை அவள் தனியாக இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. யார் கேட்டாலும் நெஞ்சைக் காட்டினால் போதும். இப்போது அந்தக் காரணத்தை மூடிவிட்டார்கள். தனிமை மட்டும் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை செல்வின் கூப்பிட்டான். கடையைக் கொடுத்துவிட்டு மஸ்கட்டுக்கு வந்து தங்களோடு இருந்துவிடேன் என்றான். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"அப்பா ஏன்டா திரும்ப ஒருதரம் என்னயக் கூட்டிட்டுப் போகல?"

"பயந்துட்டாகக்கா" என்றான் செல்வின். "ஒன்னய அங்கன குடுத்துட்டு வெறுங்கையோட வந்துருவோமோன்னு பயந்துட்டாக."

"எங்கூடவே இருக்கட்டும்னுதான் சொன்னாக. நான் இருந்துட்டேன்டா. அவுகதேன் இல்ல."

செல்வின் அழுவது கேட்டது. அவள் அவனை அழ விட்டாள். பிறகு பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்தாள். கடையை விடுவதாக இல்லை என்பதை மட்டும் அடுத்த வாரம் சொன்னாள்.

கயலிடமிருந்து ஒரே ஒரு தடவை போன் வந்தது. இனியன் எடை ஏறியிருக்கிறான், தவழ்கிறான் என்பதற்குள் சிக்னல் போய்விட்டது. இவள் கூப்பிட்டபோதெல்லாம் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. தை மாதம் ஒரு சனிக்கிழமை கடையைத் திறக்காமல், பொடிப் பட்டன் வைத்த ஒரு சட்டையும் பிஸ்கட் பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு சின்னமனூர் போய் மேகமலை பஸ் ஏறினாள். இத்தனை வருஷம் தேனியில் இருந்தும் அந்த மலைக்கு அவள் போனதில்லை. மேலே காற்று கம்மி என்று அம்மா சொல்வார். வளைவு வளைவாக பஸ் ஆடி ஏறியது. பாதை கெட்ட இடங்களில் தூக்கித் தூக்கிப் போட்டது. அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு வந்து விசாரித்தாள். கயல் தேயிலைக் காட்டில் இருக்கிறாள், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவாள் என்றார்கள். பிள்ளை, எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில். ஜெபஷீலா போய்ப் பார்த்தாள். கன்னம் உப்பி, எதையோ பிடித்துக்கொண்டு நின்றிருந்த இனியன் இவளைப் பார்த்ததும் வீறிட்டு அழுதான். நல்ல உரத்த அழுகை. பார்த்துக்கொள்ளும் பெண் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பூட்டிய வீட்டு வாசலில் காத்திருந்தாள். பனி இறங்கி எதிர் வரிசை வீடுகள் மறைந்து, மறுபடி தெரிந்தன. கயல் கொழுந்து எடுக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடியே ஓடிவந்தாள். கையெல்லாம் கொழுந்துக் கறை. கட்டிப்பிடிக்க வந்து, சேலை அழுக்காகிவிடும் என்று நின்றாள். ஜெபஷீலாதான் பிடித்துக்கொண்டாள்.

கயல் இருந்த சோற்றை இரண்டு தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். சாப்பிடும்போது கயல் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

"இங்கன எல்லாரும் அதேன் சரியாப் போச்சுல்ல, இன்னும் எதுக்கு அதயே நெனைச்சுக்கிட்டு இருக்கேங்காக. அவருகூட அப்பிடித்தேன். எனக்கு இன்னமும் அவன் தூங்கும்போது பக்குங்குதுக்கா. சத்தம் இல்லாம இருக்கேன்னு."

"எனக்கும் தூக்கம் வரல" என்றாள் ஜெபஷீலா. வேறு யாரிடமும் சொல்லாததை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள்.

கயல் அவளைப் பார்த்தாள். தட்டிலிருந்த அப்பளத்தை ஒடித்து இவள் பக்கம் வைத்தாள். அதற்குள் மறுபடி வேலைக்குக் கூப்பிடும் எஸ்டேட் சங்கு ஊதிவிட்டது. போகவேண்டும், கணக்குப்பிள்ளை திட்டுவார். "பஸ்ஸு வர்ற வரைக்கும் உள்ள படுங்கக்கா, கதவ இழுத்துச் சாத்திட்டுப் போனாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே பனிக்குள் இறங்கி ஓடினாள்.

ஜெபஷீலா தட்டுகளைக் கழுவி வைத்தாள். கயிற்றுக் கட்டிலில் சற்றுப் படுத்தாள். தூங்கிப்போய்விட்டாள். பஸ்ஸின் ஹாரன் கேட்டுத்தான் எழுந்து ஓடினாள். ஏறியபோது மூச்சு வாங்கியது, எல்லோருக்கும் வாங்குவது போல.

திங்கட்கிழமை லைனிங் வாங்க வந்த ஜோதிலட்சுமி, "சனிக்கெழம கடைய அடச்சுட்டு எங்கன போயிட்ட?" என்றாள்.

"மேகமலைக்கு."

"மேகமலைக்கா? அங்கன ஒனக்கு யாரு இருக்காக?"

ஜெபஷீலா துணியை மேசையில் விரித்து, மீட்டர் கோலை வைத்துக்கொண்டிருந்தாள். "ஒருத்தி இருக்கா" என்றாள். "எத்தன மீட்டர் வேணும்க்கா?"